வீணாய்ப் போகும் தண்ணீர்

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் அம்மாவும் மாடும் நலமா?

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் எதையும் கூட்டாமல், குறைக்காமல், உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேருந்து ஏறும்போது அம்மா என் காதில் சொன்னதை மறக்கவில்லை. "உங்கப்பா நெருப்பு மேல நின்னாலும் குளுகுளுன்னு இருக்குன்னுதான் எழுதுவாரு. நீ பாத்து எழுது. நீ எழுதுறத வெச்சுத்தான் நிலத்தக் குடுக்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணுவேன்." ஆகவே இது விளையாட்டுக் கடிதம் இல்லை.

முதலில் அறை. ஆலை கட்டிக்கொடுத்த நீளமான வரிசை வீட்டில் எங்களுடையது கடைசிக்கு முந்தியது. ஒரே அறை, ஒரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் ஒரு மலை தெரியும். உடைந்த கண்ணாடி மலை! ஆலையில் கண்ணாடிப் புட்டிகள் செய்கிறார்கள். உருகிய கண்ணாடியை அச்சுக்குள் விட்டு வேகமாகக் காற்றை ஊதினால் புட்டியாகிவிடுகிறது. கோணலாக வருபவற்றை உடைத்து மறுபடி உலைக்கே அனுப்புவார்கள். அந்த உடைசலைக் கூட்டி அள்ளி வண்டியில் தள்ளிப் போவதும், சாக்கடை அடைத்தால் எடுத்துவிடுவதும் அப்பாவின் வேலை. உலையை ஒரு நாளும் அணைக்கக் கூடாதாம். அணைத்தால் உள்ளே கண்ணாடி இறுகி உலையே பாழாகிவிடுமாம். நம் வயலாவது அறுப்பு முடிந்தால் சும்மா கிடக்கும். இதற்கு ஓய்வே இல்லை.

பக்கத்து அறையில் விசில் மாமா. கண்ணாடியை ஊதும் காற்று ஒரு பெரிய இயந்திரத்திலிருந்து வருகிறது. அதைக் கம்ப்ரசர் என்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அந்தச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால் விசிலடித்துத்தான் ஆளைக் கூப்பிடுவார். வீட்டிலும் அப்படியே. "நான் என்ன நாயா?" என்று அத்தை திட்டிக்கொண்டே வருவார்.

வரிசைக்கு ஒரே குழாய். காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். யார் குடம் நிரம்பி வழிந்தாலும் அப்பா ஓடிப்போய்க் குழாயை மூடுகிறார். நேற்று விசில் மாமா, "வாங்க தண்ணி போலீஸ்! எம் பொண்டாட்டிய முதல்ல பிடிச்சு உள்ள போடுங்க, நான் நிம்மதியா இருப்பேன்" என்றார். வரிசையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். இங்கு வந்தபின் அப்பா சிரித்து நேற்றுதான் பார்த்தேன்.

அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் தங்கை


ஜூன் 27

அன்புள்ள புத்தகப்பூச்சிக்கு,

நாங்கள் நலம். மாடும் நலம், கேட்டதாகச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். கண்ணாடி மலையை நம்பவில்லை. "சின்னவ பொய் சொல்ல மாட்டாளே" என்று தானே சொல்லிப் பிறகு நம்பினாள்.

இங்கே தண்ணீர் முறை ஆட்டம் கண்டுவிட்டது. போன வாரம் நம் முறை. மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனேன். எனக்கு முன்னால் மடை திறக்க வேண்டியவன் டவுனில் லாரி ஓட்டுகிறான். எனக்குப் பின்னால் அடைக்க வேண்டியவனும் ஆலைக்குப் போய்விட்டான். ஆளில்லாத வயல்களில் தண்ணீர் பாய்ந்து வரப்பை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. கண்டவள் நான், பார்த்துக்கொண்டே வர முடியுமா? எல்லாருடைய வரப்பையும் நானே கட்டிவிட்டு வந்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது.

கிடங்கு கட்ட நம் நிலத்தைக் கேட்கிறாரே, அந்தக் கிடங்குக்காரர் வந்தார். நம் பக்கத்து வயல்களை எல்லாம் பேசி முடித்துவிட்டாராம். நம்முடையது நடுவில் நிற்கிறது. "வாயில சிக்குன முள்ளு மாதிரி உங்க வயலு" என்று சிரித்தார். "அப்ப வாயைத் திறந்து துப்பிட்டுப் போங்க" என்றாள் அம்மா. ஆனால் அவர் போனபின் வரப்பில் போய் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா? அதை எழுதவில்லையே.

உன் அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

அப்பா சாப்பிடுகிறார், ஆனால் வேகமாக. சங்கு ஊதுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பழகிவிட்டது. விடுமுறை நாளிலும் அப்படித்தான் விழுங்குகிறார். "யாரு துரத்துறாங்க?" என்று கேட்டேன். "துரத்துறவங்க இன்னிக்கு லீவுதான். எனக்குத்தான் மறந்துபோச்சு" என்றார்.

பள்ளிப் பாடத்தில் "விவசாய நாடாக இருந்த நம் நாடு தொழில் நாடாக மாறியது" என்று ஒரு வரி வருகிறது. ஒரே வரிதான் அக்கா! அடுத்த வரியில் ஏற்றுமதி வந்துவிடுகிறது. மாறும்போது ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். "நன்மைகளை மட்டும் படி. தேர்வில் தீமைகள் வராது" என்றார்.

இதையும் எழுத வேண்டும். அப்பாவுக்கு ஆலையில் ஒன்று மட்டும் பொறுக்கவே முடியவில்லை. கம்ப்ரசர் பக்கத்தில் ஒரு குழாயிலிருந்து நல்ல தண்ணீர் எந்நேரமும் ஒரு புனலில் விழுந்து சாக்கடைக்குப் போகிறதாம். "கண்ணாடி மாதிரி தண்ணிம்மா. இங்க பொம்பளைங்க ஒரு குடத்துக்கு அடிச்சுக்கறாங்க. அங்க ராவும் பகலும் வீணாப் போவுது." மேற்பார்வையாளரிடம் சொன்னாராம். "உனக்கு விளக்குமாறு குடுத்திருக்கில்ல? அதைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ஏன் அந்தத் தண்ணீர் விழுகிறது என்று யாரும் சொல்லவில்லை.

"நம்ம ஊர்ல அடுத்தவன் வரப்பு உடைஞ்சா அவனக் கேட்டுட்டா கட்டுவோம்?" என்று அப்பா என்னிடம் கேட்டார். நீ போன மாதம் செய்ததும் அதுதானே என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

அன்புடன்,
உன் தங்கை


ஆகஸ்ட் 4

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். இடுப்பும் நலம், வேலைக்கு வந்துவிட்டது.

மேற்குப் பக்கத்து வயலில் மண்ணைக் கொட்டிவிட்டார்கள். லாரி லாரியாகக் கொட்டி, நம் வரப்பைவிட ஆளுயரம் ஏறிவிட்டது. மழை பெய்தால் அதன் தண்ணீரெல்லாம் நம் வயலில்தான் நிற்கும். வாய்க்காலின் வாயையும் அடைத்துவிட்டார்கள். வெயிலில் காய வேண்டும், மழையில் அழுக வேண்டும், இதுதான் இனி நம் பயிரின் தலையெழுத்து என்கிறாள் அம்மா.

விற்றுவிட்டு எல்லாரும் அங்கேயே வந்துவிடலாமா என்று இப்போது அவளே கேட்கிறாள். அப்பாவின் வேலை நிலைக்குமா? நீ பார்த்து எழுது. உன் வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறாள்.

உன் அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா?

இங்கே வெயில் அதிகம். பள்ளி நூலகத்தில் நதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்திருக்கிறேன், படங்கள் நன்றாக இருக்கின்றன. கணக்குத் தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்தேன். விசில் மாமா இப்போது வீட்டில் இல்லை. அத்தைக்குச் சில கடிதங்கள் எழுதிக் கொடுக்கிறேன். வேறு விசேஷம் ஒன்றும் எழுதுவதற்கில்லை.

அன்புடன்,
உன் தங்கை


செப்டம்பர் 5

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம்.

கோழி செத்ததற்கு மூன்று பக்கம் எழுதுகிறவள் நீ. அரைப் பக்கத்தில் வெயிலும் நதியும் எழுதி அனுப்பியிருக்கிறாய். "நானும் அப்பாவும் நலம்" என்றுதானே எப்போதும் தொடங்குவாய்? இந்த முறை அப்பா எங்கே போனார்?

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது "நானும் அப்பாவும்" என்று நானாகச் சேர்த்துப் படித்தேன். முதல் முறையாக உன் கடிதத்தில் பொய் சேர்ந்தது. அதைச் சேர்த்தவள் நான்.

என்னடி நடந்தது? உடனே எழுது.

உன் அக்கா


செப்டம்பர் 24

அன்புள்ள தங்கைக்கு,

நலம்.

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கிடங்குக்காரர் இரண்டு முறை வந்துவிட்டார். இந்த மாதத்தோடு சரி, அதற்குமேல் கேட்க மாட்டேன், சுற்றிலும் சுவர் எழுப்பிவிடுவேன் என்கிறார். "பொறும்மா, சின்னவள் எழுதட்டும்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா சொன்னாள்: "கெட்டது ஏதாச்சும் இருந்தா அவ எழுதியிருப்பா. எழுதலைன்னா எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். எம் பொண்ண எனக்குத் தெரியாதா?"

வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து.

உன் அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துவிடு. உன் கடிதம் இன்று மதியம்தான் கிடைத்தது. இது வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். அம்மா கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிட்டு மீதியைப் படி.

ஆகஸ்ட் நடுவில் ஒரு மதியம், விசில் மாமா சாப்பிடப் போயிருந்தார். அந்த நேரத்துக்கு ஆலை மாற்றாள் போட வேண்டும், போடவில்லை. சாக்கடை எடுக்கப் போன அப்பா புனலில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு கை தானாகப் போய் வால்வை மூடிவிட்டதாம். "யாராச்சும் வேணும்னா தொறந்துக்கட்டும்னு நெனச்சேம்மா. மடைய அடைக்கிற மாதிரிதான் அடைச்சேன்" என்று என்னிடம் சொன்னார்.

அது வீணாய்ப் போகும் தண்ணீர் இல்லை அக்கா. இயந்திரத்தின் உள்ளே சூட்டைத் தணித்துவிட்டு வெளியே வரும் தண்ணீர். அது ஓடுகிறதா என்று கண்ணால் பார்ப்பதற்காகத்தான் புனலில் திறந்து விட்டிருக்கிறார்கள். தண்ணீர் நின்றதும் கம்ப்ரசர் கொதித்துவிட்டது. திரும்பி வந்த விசில் மாமா அதை நிறுத்த ஓடியிருக்கிறார். அவர் கை வைத்த நேரத்தில் குழாய் வெடித்து, கொதிக்கும் எண்ணெய் அவருடைய இரண்டு கைகளிலும் அடித்துவிட்டது. காற்று நின்றதால் அச்சுகளில் கண்ணாடி இறுகி, ஆலையே நின்றுபோனது.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கவனமில்லாமல் தண்ணீரை மூடிவிட்டார் என்று அவர்மேலேயே எழுதி வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். அவருடைய தவறு என்பதால் வைத்தியச் செலவும் தரமாட்டார்களாம். அப்பா மூடியதை யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை அப்பா என்னிடம், "ஊருக்கு எழுதாத. ரெண்டு நாள் பொறு, நானே போய்ச் சொல்லிடறேன்" என்றார். பொறுத்தேன். தினமும் காலையில் கிளம்பும்போது இன்று சொல்லிவிடுவார் என்று நினைப்பேன். மாலையில் வந்து செருப்பைக் கழற்றும் விதத்திலேயே தெரிந்துவிடும், சொல்லவில்லை என்று. நலம் என்று அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. நலமில்லை என்று எழுத அவர் விடவில்லை. அதனால்தான் அப்பாவை விட்டுவிட்டு எழுதினேன், பிறகு எழுதவே இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அத்தை எங்கள் அறைக்கு வந்து, "உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் கண்ணு, எனக்கு ஒரு மனு எழுதிக் குடு" என்றார். எழுதினேன். 'என் கணவர் அந்த வால்வைத் தொடவே இல்லை. தொட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது.' இதை என் கையாலேயே எழுதினேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் வராததால் அத்தை இன்னொன்று கேட்டார், அதையும் எழுதினேன். அத்தை அப்பாவைப் பார்த்து, "நீங்கதான் தண்ணி போலீஸாச்சே, உங்களுக்குக்கூடவா தெரியாம போச்சு?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த மாதம் நடுவில் விசாரணை. அப்பா சொல்லிவிட்டால் வேலை போகும். அப்போது நமக்கு நிலமாவது வேண்டும். அதனால்தான் கெஞ்சுகிறேன், கையெழுத்துப் போட வேண்டாம்.

உன் தங்கை


அக்டோபர் 8

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பால் நலம்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அம்மா வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் உன்னைத் திட்டப் போவதில்லை. திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. "நானும் அப்பாவும் நலம்" என்று சேர்த்துப் படித்தவள் நான்தானே.

நேற்று வயலில் நின்ற பயிரோடு மண்ணைத் தள்ளினார்கள். இன்னும் பால் பிடிக்கும் பருவம். கிடங்கு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பெண்களுக்கும் கூலி உண்டு. நான் திங்கள் முதல் கல் சுமக்கப் போகிறேன். எந்த இடத்தில் எந்த வரப்பு இருந்தது என்று எனக்குத் தெரிவதால் மேஸ்திரிக்கு வசதியாம்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ அப்பாவுக்குப் படித்துக் காட்டு. உன் கடிதத்தை முழுதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அவர வாயத் தொறக்க வேணாம்னு எழுது. நிலம் போயாச்சு. இனிமே அந்த வேலைதான் நமக்கு நிலம். அதையும் விட்டுட்டு எங்க போய் நிக்கிறது?"

எழுதிவிட்டேன். உறையை ஒட்டப் போகும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "அந்தப் பொம்பளைக்கு எத்தனை புள்ளைங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். அதையும் எழுதச் சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உன் அக்கா


அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். இந்த முறை இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். நீயும் அம்மாவும் நலமா? கல் சுமந்து தோள் காய்த்துவிட்டதா?

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுதும் படித்தேன். நிலம் போன இடம் வந்தபோது எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அம்மா சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். கடைசியில் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்டதைப் படித்தேன். "அத மறுபடி படி" என்றார். படித்தேன். "மூணு" என்றார். எனக்குத்தான் சொன்னாரா, அம்மாவுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

விசாரணையன்று மனுவை விளக்கிச் சொல்ல என்னையும் அத்தை கூட்டிப் போயிருந்தார். பெரிய அதிகாரி, ஒரு குமாஸ்தா, நீளமான மேசை. விசில் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கைகளை மடிமேல் வேறு யாருடைய பொருளையோ வைத்திருப்பதுபோல் வைத்திருந்தார். அவர் பேசத் தொடங்குமுன் அப்பா விளக்குமாறோடு உள்ளே வந்துவிட்டார். காவலாளி பிடித்து இழுத்தும் போகவில்லை.

"மூடுனது நான்தாங்க."

"ஏன்யா மூடின?" என்றார் அதிகாரி.

"வீணாப் போச்சுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி, "யாராவது மூடச் சொன்னாங்களா? இல்ல, வேணும்னே மூடினியா?" என்று கேட்டார்.

"வேணும்னுதாங்க மூடினேன். ஆனா கெடுக்கணும்னு மூடலீங்க."

குமாஸ்தா முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது. "ரெண்டாவதையும் எழுதுங்க சார்" என்றேன். "பாப்பா, நீ யாரு பக்கம்?" என்றார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு முன்பே எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் அத்தைக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

அப்பாவை அன்றே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். விசில் மாமாமேல் எழுதியதை அடித்துவிட்டார்கள். வைத்தியச் செலவை ஆலை ஏற்றுக்கொள்ளுமாம். ஆனால் வலது கை விரல்கள் மடங்கவில்லை, இனி மடங்காது என்கிறார் டாக்டர். மாற்றாள் ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

மாலையில் அத்தை வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். அப்பாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "என் பக்கத்துல உக்காந்து, நான் அழ அழ, எழுதிக் குடுத்தியே கண்ணு. உனக்குக் கை நடுங்கலையா?" என்றார். நடுங்கியது என்று சொல்லியிருந்தால் அது உண்மைதான். ஆனால் நான் சொல்லவில்லை. அவர் போய்விட்டார். இன்று வரை பேசவில்லை. அவர் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

அறையை நாளைக் காலைக்குள் காலி செய்ய வேண்டும். பள்ளியில் பெயரை எடுத்துக்கொண்டேன். பாடப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது டீச்சர், "அடுத்த வாரம் தேர்வாச்சே, முதலாவதா வருவியே" என்றார். அப்பா வடக்கே ஒரு சிமெண்ட் ஆலையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போய் வாசலில் நிற்கலாம் என்கிறார். "அங்க விவரம் தெரியாம எதையும் தொட மாட்டேன்" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை அக்கா. கண்ணெதிரே வரப்பு உடைந்தாலும் இனி அப்பா நடந்து போய்விடுவார் என்று தோன்றுகிறது.

இந்த முகவரிக்கு இனி எழுதாதே. அம்மாவிடம் இந்தக் கடிதத்தை எதையும் சேர்க்காமல் படி. நான் ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் நிலம் போயிற்று என்பதையும் சேர்த்துப் படி. அதை நான் இங்கே எழுதியிருக்கிறேன், பார், நீ சேர்க்க வேண்டியதில்லை.

இன்னும் எழுத இருந்தது. ஆலையிலிருந்து ஓர் ஆள் ஏணியோடு வந்து, வேலையில் இல்லாதவர் அறைக்கு மின்சாரம் கிடையாது என்று கம்பியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். "கொஞ்சம் பொறுங்கண்ணே, பொண்ணு எழுதிட்டிருக்கா" என்று அப்பா கேட்கிறார். "எனக்கு இன்னும் நாலு அறை இருக்குங்க" என்கிறார் அவர். வரிசையில் மற்ற ஜன்னல்களெல்லாம் வெளிச்சமாக இருக்கின்றன.

அன்புடன்,
உன் தங்கை

எங்கள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.